எழுத்து மையத்தில் இரைச்சல்: வழி சொல்லுங்கள்

எங்கள் பல்கலைக்கழக எழுத்து மையம் (மாணவர்கள் கட்டுரை எழுத உதவி பெறும் இடம்) 9 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலமுள்ள ஒரே அறை. கான்கிரீட் கூரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, 5 மேசைகள். மூன்றில் பேச்சு தொடங்கினாலே அறை இரைகிறது. மாணவர்கள் தங்கள் கட்டுரையை வாய்விட்டு வாசிக்க வேண்டிய இடம் இது. காதில் விழும்போதுதான் வாக்கியம் எங்கே இடறுகிறது என்று அவர்களுக்கே புரியும். இப்போது கூச்சப்பட்டு முணுமுணுக்கிறார்கள். அதுதான் என்னை உறுத்துகிறது.

இரண்டு மாதமாக முயல்கிறோம். தரைவிரிப்பு போட்டோம், நாற்காலி இழுபடும் சத்தம் மட்டும் போனது. கண்ணாடிக்குக் கனமான திரை, கொஞ்சம் பலன். மேசைகளுக்கு நடுவே 1.2 மீட்டர் தடுப்பு வைத்தோம். பேச்சு கூரையில் பட்டுத் திரும்பிவிடுகிறது. தடுப்பை உயர்த்தினால் வெளிச்சம் போய்விடும்.

கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகளைத் தொங்கவிட்டால் பக்கத்து மேசைப் பேச்சு உண்மையிலேயே அடங்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.