கீழே விழுந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்: பதிவுகளை மீட்க வழி உண்டா?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்)
வணக்கம். எங்கள் வட்டாரத் தெருக்கூத்துகளை என் தந்தையார் விடிய விடிய உட்கார்ந்து பதிவு செய்து சேர்த்த 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிள் இழுபட்டு மொசைக் தரையில் விழுந்துவிட்டது. செருகினால் விளக்கு எரிகிறது. ‘டிக், டிக்’ என்று சீராகத் தட்டும் ஓசை கேட்கிறது. சற்று நேரத்தில் அதுவும் அடங்கிவிடுகிறது. வேறு நகல் கிடையாது, ஆடிய கலைஞர்களில் சிலர் இன்று உயிருடனும் இல்லை. பக்கத்துக் கடையில் பிரித்துப் பார்க்கிறேன் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில் (லாஸ்பேட்டை, புதுச்சேரி)
கொடுக்க வேண்டாம் ஐயா. நீங்களும் இனி ஒருமுறைகூட அதைச் செருகாதீர்கள். இவ்வகை டிஸ்க்குகளில் பதிவுகள் இருக்கும் வட்டத் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது. படிக்கும் ஹெட் அதற்குச் சில நானோமீட்டர் உயரத்தில், தொடாமல் மிதக்கிறது. விழுந்தபின் கேட்கும் அந்தத் தட்டல், ஹெட் தன் இடத்தைக் கண்டறிய முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வதன் அடையாளம். அடிபட்ட ஹெட் தட்டின் காந்தப் பூச்சைச் சுரண்டிவிட்டால், அங்கிருந்த பதிவை எந்த ஆய்வகத்தாலும் மீட்க முடியாது. சாதாரண அறையில் மூடியைத் திறந்தால், கண்ணுக்குத் தெரியாத தூசே அதே சேதத்தைச் செய்துவிடும். மீட்பு மென்பொருளும் இங்கே உதவாது. டிஸ்க்கைக் கணினி அடையாளம் கண்டால்தான் அதற்கு வேலை.

பதில் (திருப்பாதிரிப்புலியூர்)
மேலே சொன்னது முற்றிலும் சரி. ஃப்ரீசரில் வைக்கச் சொல்வோரும் உண்டு. உள்ளே ஈரம் படியும், செய்யாதீர்கள். அதே மாடலின் சர்க்யூட் போர்டை மாற்றினால் போதும் என்பதும் தவறு. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் பழைய போர்டின் சிப்பில் இருக்கின்றன. தவிர, இங்கே பழுது போர்டில் இருப்பதாகத் தெரியவில்லை.

சென்னையில் தரவு மீட்பு ஆய்வகங்கள் இருக்கின்றன. தூசியற்ற அறை இருக்கிறதா, பொருத்தமான மாற்று ஹெட் கிடைக்குமா, பதிவு மீளாவிட்டால் கட்டணம் உண்டா என்று கேட்டு, மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே ஒப்படையுங்கள். கூரியரில் அனுப்புவதைவிட நிலைமின்சாரத்தைத் தடுக்கும் ஆன்டிஸ்டாடிக் உறையிலிட்டு, நுரைத்தாளில் சுற்றி, பேருந்தில் மடியில் வைத்து எடுத்துச் செல்வது நல்லது.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. அப்படியே செய்கிறேன். அதே காலத்தில் வாங்கிய இன்னொரு டிஸ்க் விழவில்லை, ஆனால் மிக மெதுவாகத் திறக்கிறது. அதை என்ன செய்வது?

பதில் (லாஸ்பேட்டை, புதுச்சேரி)
ஓசை எதுவும் வராதவரை, விண்டோஸில் டிஸ்க் பிழைகளைத் திருத்தும் செக்டிஸ்க்கை ஓட்டாமல், லினக்ஸ் இயங்குதளத்தில் டிடிரெஸ்கியூ என்ற நகலெடுக்கும் மென்பொருளைக் கொண்டு முழு டிஸ்க்கையும் வேறொன்றுக்கு நகலெடுங்கள். அது நன்றாகப் படிக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பும். எதுவரை நகலெடுத்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுத்திருந்தால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நகல் கிடைத்ததும் இன்னொரு படியைக் கடலூருக்கு வெளியே உறவினர் வீட்டில் வையுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தது நம் இரண்டு ஊர்களுக்கும் இடையில்தான்.