பட்டிக்கே வந்த நோய் ஆராய்ச்சியாளர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மூலனூர் பக்கத்து ஆட்டுக்காரர்:

எங்களுக்குக் கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடும் மேச்சேரி ஆடும்தான் பண்ணயம். ஒரு வருசம் ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துக் கொழுக்கட்டைப் புல் தழைத்துக் கிடந்தும் ஆடுகள் மெலிந்துகொண்டே போயின. சிலவற்றுக்குத் தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கியது. அப்போதுதான் ஒட்டுண்ணி ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா ஒருவர் வந்தார். எங்கள் அய்யன், "புழு மருந்தெல்லாம் தவறாம ஊத்தீட்டுத்தானுங்க அம்மிணி இருக்கறோம்" என்றார்.

அவர் புது மருந்து எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு ஆடாகப் பிடிக்கச் சொல்லி, கீழ் இமையை விரலால் இறக்கி, உள்ளே தெரிந்த நிறத்தை ஓர் அட்டையோடு வைத்துப் பார்த்தார். நல்ல சிவப்பில் தொடங்கி வெளிறியது வரை அதில் ஐந்து நிறம். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டை அது. ரத்தம் குறையக் குறைய இமை வெளுக்கும்.

அன்று காலை செத்த பெட்டை ஒன்றை வேம்படியில் வைத்தே அறுத்துக் காட்டினார். நாலாவது இரைப்பைக்குள், சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய நூல் மாதிரி, ஏறக்குறைய ஓர் அங்குலப் புழுக்கள் நெளிந்தன. ஹீமாங்கஸ் என்று பெயர். சிவப்பு, அது குடித்த ரத்தம். வெள்ளை, அதன் முட்டைப்பை. ஒரு புழு நாளுக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மில்லி போய்விடும். ஒரு பெண்புழு நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். மழைக்காலத்தில் அது பொரிந்து, பனி நனைந்த புல்லில் ஏறி, மறுபடி ஆட்டின் வாய்க்கே வரும்.

சரி, மருந்து ஏன் கேட்கவில்லை? எங்கள் பக்கம் எல்லோரும் வருசக்கணக்காக ஊற்றியது அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல். பெயர்தான் வேறு, இரண்டும் ஒரே வகை. அதில் தப்பிய புழுவே பெருகிவிட்டது. ஆட்டை எடை போட்டு மருந்து கொடுத்து, முன்னும் இரண்டு வாரம் கழித்தும் புழுக்கையில் முட்டையை எண்ணினார். 95 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டுமாம். எங்கள் பட்டியில் அதற்கு வெகு கீழே நின்றது.

அப்புறம் அவர் சொன்னதைத்தான் அய்யனால் நம்பவே முடியவில்லை. மருந்து வகையை மாற்றி, இமை வெளுத்த ஆட்டுக்கு மட்டும் ஊற்றச் சொன்னார். மற்ற ஆடுகளில் புது மருந்துக்குச் சாகிற புழுக்களும் இருக்கும். அவற்றின் குஞ்சுகளும் மேய்ச்சலில் கலந்தால்தான் மருந்துக்கு அசையாத கூட்டம் சீக்கிரம் பெருகாது. பல வருட உழைப்பில் கண்டதை, பட்டியில் உட்கார்ந்து, எங்கள் அய்யனுக்குப் புரியும் வரை பொறுமையாகச் சொன்னார். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

அந்தியூர்க்காரர்:

எங்கள் ஊருக்கு வந்தவர் ஆடுகளுக்கு வரும் நீலநாக்கு நோயை ஆராய்பவர். பொழுது சாய்ந்ததும் பட்டியோரம் விளக்குப் பொறி ஒன்றைக் கட்டினார். விளக்கைத் தேடி வரும் பூச்சியை அடியிலுள்ள விசிறி உறிஞ்சிக் குடுவைக்குள் தள்ளும். விடிந்ததும் இந்த நோயைப் பரப்பும், மிளகில் பாதிகூட இல்லாத கியூலிகாய்டஸ் என்கிற கடிபூச்சிகளைப் பிரித்து, இறக்கைப் புள்ளிகளை வைத்து எந்த இனம் என்று பார்த்தார். ஈரச் சாணத்திலும் சேற்றிலும் அது பெருகும், அதனால்தான் வடகிழக்குப் பருவமழையோடு இந்த நோய் வருகிறது என்றார். உதடு வீங்கி, வாய் புண்ணாகி, நொண்டும் ஆட்டைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். 2015-ல் ஐந்து வகை வைரஸுக்குச் சேர்த்துத் தடுப்பூசி வந்ததில் தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக்கும் பங்குண்டு.

கோபி ஆசிரியர்:

ஒட்டுண்ணி ஆராய்ச்சியாளர் வில்லியம் கேம்பெல் நோபல் பரிசு வாங்கியதும் அதே 2015-தான். அவர் பங்கில் உருவான ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து 1980களின் தொடக்கத்தில் கால்நடைக்குத்தான் வந்தது. பிறகு ஆப்பிரிக்காவில் ஆற்றுக்குருடு நோயிலிருந்து எத்தனையோ மனிதர்களின் கண்ணைக் காத்தது. மூலனூர் அண்ணா, புழுக்கைப் பரிசோதனைக்கு எப்படி எடுத்துப் போவதுங்க?

மூலனூர் பக்கத்து ஆட்டுக்காரர்:

தரையில் கிடப்பதைப் பொறுக்கக் கூடாதுங்க. கையுறை மாட்டிக்கொண்டு ஆசனவாயிலிருந்தே எடுத்து, ஆட்டுக்கு ஒரு பையாகக் கட்டி, எந்த ஆடு என்று எழுதிவிடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும். சூட்டில் முட்டை பொரிந்துவிட்டால் எண்ணிக்கை தப்பாக வரும்.