லோயஸ் படிவில் கரிமக் கார்பனையும் கார்பனேட்டையும் பிரித்தளப்பது

கேள்வி

காற்றடித்துக் குவித்த நுண்துகள் படிவான லோயஸும் அதனிடையே புதையுண்ட தொல்மண்ணும் மாறி மாறி வரும் ஒரு வெட்டுமுகத்தின் மாதிரிகளை 105 டிகிரி செல்சியஸில் உலர்த்தி, 550 டிகிரியிலும் பிறகு 950 டிகிரியிலும் உலையில் சுட்டு எடை பார்த்தேன். தொல்மண் அடுக்குகளில் முதல் எடையிழப்பு கூடுகிறது, இரண்டாவது குறைகிறது. முன்னதைக் கரிமப்பொருள் என்றும் பின்னதைக் கார்பனேட் என்றும் கொள்ளலாமா?

மறுமொழி 1

பின்னதைப் பெரும்பாலும் நம்பலாம். 100 கிராம் கால்சியம் கார்பனேட் சிதைந்தால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் என்பதால், இழப்பை 0.44 ஆல் வகுத்தால் கார்பனேட்டின் அளவு கிடைத்துவிடும். ஈரமான காலங்களில் மழைநீர் கார்பனேட்டைக் கரைத்துக் கீழடுக்கில் சுண்ணாம்புக் கணுக்களாகப் படியவிடுவது சீன லோயஸ் பீடபூமியில் தெளிவாகவே தெரிகிறது. எனவே தொல்மண்ணில் அது குறைவது இயல்பே.

முன்னதை அப்படியே ஏற்க முடியாது. களிமக் (களிமண்) கனிமங்கள் தம் கட்டமைப்பில் பிணைத்து வைத்திருக்கும் நீரில் பெரும்பகுதியை ஏறக்குறைய இதே வெப்பத்தில்தான் இழக்கின்றன. அவற்றுள் ஒன்றான கயோலினைட் தன் எடையில் சுமார் 14 விழுக்காட்டை இழக்கும். தொல்மண்ணில் களிமம் மிகுதி, பழைய படிவுகளில் கரிமக் கார்பனோ பெரும்பாலும் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே நீங்கள் கண்ட உயர்வு முழுக்க முழுக்கக் களிமத்தின் நீராகவே இருக்கவும் கூடும்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். தனிமப் பகுப்பாய்வி (மாதிரியை எரித்து அதிலுள்ள கார்பனை அளக்கும் கருவி) கிடைக்குமானால் அதையே நாடுங்கள். ஆனால் மொத்தக் கார்பனிலிருந்து கனிமக் கார்பனை (கார்பனேட்டில் உள்ள கார்பனை) கழிக்கும் வழி இங்கே ஆபத்தானது: மாதிரியில் 15 விழுக்காடு கார்பனேட் இருந்தால் அதுவே மாதிரியின் எடையில் 1.8 விழுக்காடு கார்பனாகும், மொத்தம் 2.0 என்று வந்தால் மிஞ்சுவது 0.2 தான், இரு அளவீடுகளிலும் 0.05 அளவுக்குப் பிழை இருந்தாலே அந்த மிச்சம் ஆட்டம் கண்டுவிடும். மாதிரியை வெள்ளிக் கிண்ணத்தில் எடைபோட்டு, சிறிது நீரால் நனைத்து, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவியில் வைத்துக் கார்பனேட்டை நீக்கிய பின் நேரடியாக அளப்பது மேல். வெள்ளீயக் கிண்ணத்தை அமிலம் அரித்துவிடும். அமிலக் கரைசலில் கழுவினாலோ, கரையக்கூடிய கரிமப்பொருளும் நீரோடு போய்விடும். போதாததற்கு, கார்பனேட் நீங்கி எடை குறைந்ததையும் கணக்கில் திருத்த வேண்டியிருக்கும்.

கேட்டவர்

மிக்க நன்றி. பகுப்பாய்வியில் இடம் கிடைக்கும் வரை, கார்பனேட்டை மட்டுமாவது கால்சிமானியில் (அமிலம் பட்டுக் கார்பனேட் வெளிவிடும் வாயுவின் கொள்ளளவை அளக்கும் கருவியில்) சரிபார்க்கலாமா?

மறுமொழி 1

தாராளமாக. அறையின் வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் ஒவ்வொரு முறையும் குறித்துக்கொண்டு, தூய கால்சியம் கார்பனேட்டை வைத்து அளவுத்திருத்தம் செய்யுங்கள். குளிர்ந்த அமிலத்தில் கால்சைட் (கால்சியம் கார்பனேட் கனிமம்) உடனே நுரைத்து அடங்கும், டோலமைட் (மக்னீசியமும் கலந்த கார்பனேட் கனிமம்) மெதுவாகத்தான் வினைபுரியும். நுரை நின்ற பின்னும் வாயுவின் கொள்ளளவு சிறிது சிறிதாக ஏறினால் அரை மணி நேரமாவது காத்திருந்து அளவைக் குறியுங்கள்.