ட்வீட்டர் மந்தம்: 4.7க்குப் பதில் 10 மைக்ரோ ஃபாரட் போடலாமா?

மொட்டைமாடி:
பழைய டூ-வே புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி, வயது இருபதுக்கு மேல். தாழ்சுரத்துக்கு 6.5 இன்ச் வூஃபர், மேல்சுரத்துக்கு 1 இன்ச் சில்க் டோம் ட்வீட்டர், 8 ஓம். ஜால்ரா, சலங்கை, மிருதங்கத்தின் சாப்பு எல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கிறது. வலது பெட்டி இன்னும் மோசம். ஆம்பில் ட்ரெபிளை முழுக்கத் திருப்பினால் இரைச்சல்தான் கூடுகிறது. திறந்து பார்த்தேன்: ட்வீட்டர் வழியில் ஒரு 4.7 மைக்ரோ ஃபாரட் நான்-போலார் (பிளஸ் மைனஸ் இல்லாத) கப்பாசிட்டர், 3.3 ஓம் ரெசிஸ்டர், அவ்வளவுதான். கப்பாசிட்டரை 10 ஆக்கினால் ட்ரெபிள் ஏறும் என்கிறார் கடைக்காரர். இல்லையென்றால் பீசோ ட்வீட்டர் ஒன்றைக் கூடச் சேர்க்கலாமா?

ஈயப்பற்று:
10 போடாதீர்கள் சார். 8 ஓம் ட்வீட்டரும் 3.3 ஓமும் சேர்ந்தால் 11.3. அதோடு 4.7 என்றால் கிராஸ்ஓவர் (ட்வீட்டர் வேலையைத் தொடங்கும் இடம்) ஏறக்குறைய 3 கிலோ ஹெர்ட்ஸ். 10 ஆக்கினால் அது 1.4க்கு இறங்கிவிடும். ட்ரெபிள், அதாவது மேல்சுரம், அதிகமாகாது. நடுச்சுரம்தான் ட்வீட்டருக்குள் கூடுதலாகப் போகும்; டோம் அதிகம் ஆட, வாய்ஸ் காயில் (டோமை ஆட்டும் கம்பிச்சுருள்) சூடேறிக் கருகும். முதல் நாள் "சத்தம் வந்துடுச்சு" என்று தோன்றும், அதுதான் ஏமாற்று.

முதலில் ஆம்பின் பின்னால் இடது வலது ஒயரை மாற்றிப் போட்டு மோனோவில் ஓட்டுங்கள். மந்தம் அதே பெட்டியில் இருந்தால் குற்றம் பெட்டியில். அடுத்த பெட்டிக்குத் தாவினால் ஆம்பில்.

பெட்டிதான் என்றால் கப்பாசிட்டரின் ஒரு காலை மட்டும் கழற்றி அளந்து பாருங்கள். ஆனால் மீட்டர் 4.7 காட்டினாலும் நம்பாதீர்கள். கசிவுள்ள பழசு கூடுதலாகவே காட்டும், உள்தடை ஏறியிருப்பதோ சாதாரண மீட்டரில் தெரியாது. உள்ளே 4 ஓம் ஏறினாலே மேல்சுரத்தில் 2.6 டெசிபல் போச்சு. இரண்டு பெட்டியிலும் 4.7 மைக்ரோ ஃபாரட், 100 வோல்ட் பாலிப்ராப்பிலீன் ஃபிலிம் கப்பாசிட்டர் போடுங்கள் (சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், 250 வோல்ட் கிடைத்தாலும் சரி). அளவில் பெரிதாக இருக்கும், போர்டில் படுக்கவைத்து க்ளூ வையுங்கள், இல்லாவிட்டால் பேஸில் அதிர்ந்து கால் ஒடியும். பிளஸ் மைனஸ் உள்ள சாதா எலக்ட்ரோலிட்டிக் வேண்டவே வேண்டாம்.

காந்தஊசி:
கப்பாசிட்டர் மாற்றியும் வலது தேறவில்லை என்றால் ட்வீட்டரைக் கவனிக்கணும். கப்பாசிட்டர் தொடரில் இருந்தால் மீட்டர் ஓப்பன் என்றுதான் காட்டும், அதனால் ட்வீட்டர் காலிலேயே வையுங்கள். 8 ஓம் என்று எழுதியிருப்பது 5.5 முதல் 6.5 ஓம் வரை காட்டினால் காயில் நலம். காயில் நலமாக இருந்தும் சத்தம் குறைவு என்றால் காந்த இடைவெளியிலுள்ள ஃபெர்ரோஃப்ளூயிட் (காந்தத் துகள் கலந்த எண்ணெய்) காய்ந்து கோந்தாகியிருக்கும். டோம் தனியாகக் கழலும் ட்வீட்டர் என்றால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய அட்டையை இடைவெளியில் சுற்றி இழுத்து, பழசு முழுக்க வெளியே வந்தபின் புதுசு விடலாம். இரும்பு ஸ்க்ரூ டிரைவர் மட்டும் அருகே போகக்கூடாது. காந்தம் வெடுக்கென்று இழுக்கும், முனை டோமைக் கிழித்துவிட்டுத்தான் நிற்கும்.

பீசோவை மறந்துவிடுங்கள். கூரைக் குழாயில் கல் விழுகிற சத்தம் அது.

ஜன்னலோரம்:
யாரும் கேட்கவில்லையே, பெட்டி எங்கே இருக்கிறது? அலமாரி மேலே என்றால் கப்பாசிட்டர் எத்தனை மாற்றினாலும் பாதி ட்ரெபிள் தலைக்கு மேலே போகும். 10 கிலோ ஹெர்ட்ஸின் அலைநீளம் 3.4 செ.மீ., டோம் 2.5 செ.மீ.; அந்தச் சுரமெல்லாம் டார்ச் வெளிச்சம் மாதிரி நேரே முன்னால் குவிந்துதான் வரும். ட்வீட்டர் உட்கார்ந்தவர் காது உயரத்துக்கு, தரையிலிருந்து 90–100 செ.மீ.க்கு, வரட்டும். பெட்டியைக் கேட்பவரை நோக்கி உள்பக்கம் திருப்புங்கள். தூசி ஏறிய கிரில் துணியையும் கழற்றிக் கேளுங்கள். ட்ரெபிளில் 10 டெசிபல் ஏற்றினால் ட்வீட்டருக்குப் பத்து மடங்கு பவர் போகிறது, நினைவிருக்கட்டும்.

மொட்டைமாடி:
அலமாரி மேலேதான் இருந்தது! இறக்கினேன். கழற்றி அளந்ததில் வலது 3.1, இடது 4.4. இரண்டுக்கும் ஃபிலிம் போட்டாச்சு. சலங்கை மணிமணியாகக் கேட்கிறது, ஆனால் பாடகர் "ச", "ஸ" சொல்லும்போது லேசாகக் கீறுகிறது.

ஈயப்பற்று:
எதிர்பார்த்ததுதான். பழசின் உள்தடையையும் கணக்கில் வைத்துத்தான் 3.3 போட்டிருப்பார்கள், ஃபிலிமில் அது இல்லை. பெட்டியைக் காதுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். போதாவிட்டால் 3.3ஐ 3.9 ஓம், 5 வாட் ஆக்குங்கள், அரை டெசிபல் குறையும். இரண்டு பெட்டியிலும்.