பகல் சுருங்கினாலே மனம் கனத்துவிடுகிறது, வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். குளிர்காலம் வந்தாலே எனக்கு மனம் சோர்ந்துவிடுகிறது, இது மூன்றாவது வருடம். சாயங்காலம் சீக்கிரமே இருட்டும்போது காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறது, காலையில் அலாரத்தை அணைத்துவிட்டு போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு அப்படியே கிடக்கிறேன், எழுந்து பல் தேய்ப்பதே மலையாகத் தெரிகிறது.

டாக்டரைப் பார்த்தேன். வெளிச்சம் குறைவதால் உடம்பின் கடிகாரம் தடுமாறுவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். தினமும் காலையில் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) தரும் பிரகாசமான விளக்கின் முன் 30 நிமிடம் உட்காரச் சொல்லியிருக்கிறார். அதைப் பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை நாளில் மாற்றம் தெரிந்தது?

அப்புறம், அந்தச் சாயங்காலப் படபடப்பை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? மதியம் நடக்கப் போகிறேன், அது கொஞ்சம் உதவுகிறது, ஆனால் இருட்டியதும் பழைய நிலைதான். உங்களுக்குப் பலன் தந்தது எதுவானாலும், சின்ன விஷயமாக இருந்தாலும் எழுதுங்கள்.