கதிரோட கிட்டாரும் நாலு கிளிப்பும்

வெள்ளி இரவு

கதிர்: அப்பா அந்த கிட்டார் விஷயத்தை இந்த ஃபேமிலி குரூப்லயே கேட்டுடறேன், வீட்ல கேட்டா பார்க்கலாம் பார்க்கலாம்னு எழுந்து போயிடறீங்க

கதிர்: எட்டு மாசமா தினம் வாசிக்கறேன், ஒரு நாள் கூட விடலை, அக்காவைக் கேளுங்க. ஆனா சத்தமே வர மாட்டேங்குது. அதே பாட்டு, பல தந்தியைச் சேர்த்துப் பிடிக்கற அதே கார்டு, வீடியோல அவர் வாசிச்சா அப்படி இருக்கு நான் வாசிச்சா தகரத்தைத் தட்டுற மாதிரி இருக்கு. இது பிளைவுட் கிட்டார்ப்பா. நல்ல மரத்துல ஒண்ணு வாங்கித் தாங்க, வேற எதுவும் கேட்க மாட்டேன்

நித்யா அக்கா: தினம் வாசிக்கறது உண்மைதான்பா. நான் சாட்சி

அப்பா: வாங்கக் கூடாதுன்னு இல்ல. நீ காட்டினது உன் கிட்டாரை விட பத்து மடங்கு விலை. பத்து மடங்கு நல்லா வாசிப்பியா அதுல?

கதிர்: அப்படிக் கேட்டா என்ன சொல்றதுப்பா

அத்தை: அண்ணா குழந்தைய மடக்காதீங்க. நல்லா கேட்கணும்னு ஆசைப்படறான், அது நல்ல ஆசைதான்

மாமா: மச்சான் ஜாங்கோ ரைன்ஹார்ட்னு ஒரு ஜாஸ் கிட்டார் கலைஞர் இருந்தாரு. 1928ல அவர் குடியிருந்த வண்டி தீப்பிடிச்சு இடது கையில ரெண்டு விரல் முடங்கிப் போச்சு. மிச்ச ரெண்டு விரல வச்சே இன்னைக்கு வரைக்கும் ஆளுங்க காப்பி அடிக்கத் திணறுற மாதிரி வாசிச்சாரு. கைதான் எல்லாம்

கதிர்: மாமா அவர் வாசிச்சது செல்மர் கம்பெனி கிட்டார். அது நல்ல கிட்டார் மாமா, சும்மா கிடைச்சதை எடுத்து அவர் வாசிக்கலை

மாமா: அதுவும் சரிதான்டா

செந்தில் அண்ணா: இப்பதான் எல்லாத்தையும் படிச்சேன். கதிர் சொல்றது பாதி சரி. பேசிப் பேசி முடியாது இது, நாளைக்கு என் கிட்டாரை எடுத்துட்டு அங்க வர்றேன், காதால தீர்த்துக்கலாம். சித்தப்பா அதுவரைக்கும் வேணும்னும் சொல்லாதீங்க வேணாம்னும் சொல்லாதீங்க

அப்பா: வா செந்திலு. நீயாச்சு அவனாச்சு

சனி மாலை

செந்தில் அண்ணா: எல்லாரும் கவனிங்க. நாலு கிளிப் அனுப்பறேன். ஒரே ரூம், ஒரே போன், அதே நாற்காலியிலேர்ந்து அதே தூரம். ரெண்டு கிட்டார்லயும் புது ஸ்ட்ரிங் மாட்டியாச்சு, ஒரே கம்பெனி ஒரே தடிமன். டியூனரை வச்சு ஒவ்வொரு தடவையும் சரி பார்த்தாச்சு. நாலுலயும் அதே நாலு கார்டு, அதே ஸ்ட்ரம்மிங், தாளம் தட்டுற மெட்ரோனோம் நிமிஷத்துக்கு 80ல. இதுல ரெண்டு கிளிப் என் கிட்டார், ரெண்டு கதிரோட கிட்டார். எந்த ரெண்டு விலை கூடினதுன்னு சொல்லுங்க. கதிர் நீ வாயே திறக்கக் கூடாது

செந்தில் அண்ணா: [வாய்ஸ் கிளிப் 1]

செந்தில் அண்ணா: [வாய்ஸ் கிளிப் 2]

செந்தில் அண்ணா: [வாய்ஸ் கிளிப் 3]

செந்தில் அண்ணா: [வாய்ஸ் கிளிப் 4]

நித்யா அக்கா: 2, 4. ரெண்டாவது தடவ கேட்கவே வேண்டியதில்ல

அப்பா: எனக்கும் 2ம் 4ம்தான்

பெரியம்மா: நாலாவது, அப்புறம் ரெண்டாவது. மூணாவது ஏதோ கரகரன்னு இருக்கு

மாமா: ஹெட்போன் போட்டுக் கேட்டேன். 4, 2.

அத்தை: எனக்குக் கொஞ்சம் நேரம் குடுங்க

அத்தை: நாலாவது நிச்சயம். இன்னொண்ணு 2னுதான் சொல்ல வருது, ஆனா ரெண்டாவதுல அடித் தந்தி தட்டினதும் சத்தம் சீக்கிரம் அமுங்கிப் போகுது, நாலாவதுல அது நின்னு தேயுது. ஒண்ணாவதுல விரல் தடுமாறுது, நடுவுல ஒரு தந்தி பேசவே இல்ல, ஆனா பேசுற தந்தியெல்லாம் நாலாவது மாதிரியே நின்னு தேயுது. அதனால நான் 4, 1னு சொல்றேன். தப்பா இருந்தா இருக்கட்டும்

செந்தில் அண்ணா: அத்தை!!!

செந்தில் அண்ணா: அத்தை சொன்னதுதான் சரி. 1 கதிர் என் கிட்டார்ல வாசிச்சது. 2 நான் கதிர் கிட்டார்ல வாசிச்சது. 3 கதிர் அவன் கிட்டார்ல. 4 நான் என் கிட்டார்ல. மத்த நாலு பேரும் விலை கூடின கிட்டார்னு நினைச்சுப் பிடிச்சது என் கைய

நித்யா அக்கா: நிஜமாவா. ரெண்டாவது கதிரோட அந்தக் கிட்டாரா??

அப்பா: தினம் வீட்ல கேட்கறேன் அந்தக் கிட்டாரை. அதுக்குள்ள இந்தச் சத்தம் இருந்திருக்கா

கதிர்: ஆனா அத்தை கண்டுபிடிச்சாங்களே. அப்ப வித்தியாசம் இருக்குதானே

அத்தை: இருக்குடா கண்ணா. தேடிப் பிடிச்சுக் கேட்டா இருக்கு. ஆனா உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன், நாலையும் கேட்டு முடிச்சதும் திரும்ப ஒரு தடவ போட்டுக் கேட்கணும்னு எனக்குத் தோணினது 2தான், 1 இல்ல. பாடுறதுலயும் அப்படித்தான், மைக் நல்லா இருந்தா சுருதி விலகுறதும் நல்லாவே கேட்கும்

கதிர்: ம்

செந்தில் அண்ணா: கதிர் மனசு விடாத, இத நீ சோர்ந்து போகணும்னு செய்யலை. பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன்ல, என்ன பார்த்தேன்னு சொல்றேன். நீ விரலை, கழுத்துல குறுக்கா பதிச்சிருக்கற ரெண்டு ஃப்ரெட் கம்பிக்கு நடுவுல வைக்கற, அதான் தந்தி ஃப்ரெட் கம்பியில சரியா உட்காராம அதிருது, பெரியம்மா கரகரன்னு சொன்னது அதைத்தான். விரலைக் கம்பிய ஒட்டினாப்ல பின்னாடி கொண்டு வந்தா பாதி பலத்துல அழுத்தினாலே சுத்தமா பேசும். நீ பயந்துட்டு முழு பலத்தையும் போட்டு அழுத்தற, அப்படி அழுத்துனா தந்தி இழுபட்டு சுருதி லேசா மேல ஏறிடும், டியூனர்ல ஆறு தந்தியும் சரியா இருந்தும் கார்டு பிடிச்சா கோணலா கேட்குதுன்னு சொன்னல்ல, காரணம் இதுதான். அப்புறம் வலது கை. தந்தி தட்டுற பிக்கை, தந்தியெல்லாம் போய் முடியற பிரிட்ஜுக்குப் பக்கத்துல போட்டுத் தட்டற, அங்க தட்டினா எந்தக் கிட்டாரா இருந்தாலும் தகரம் மாதிரிதான் கேட்கும், ஓட்டைக்கு மேல கொஞ்சம் கழுத்துப் பக்கமா நகர்த்து, சத்தம் உருண்டு வரும். இத நம்பாத, இப்பவே ஒரே கார்டைப் பிடிச்சுட்டு பிரிட்ஜ்லேர்ந்து கழுத்து வரைக்கும் தட்டிக்கிட்டே போய்ப் பாரு

கதிர்: இருங்க

கதிர்: ஐயோ ஆமா அண்ணா. ரெண்டு கிட்டார் மாதிரி இருக்கு

செந்தில் அண்ணா: அதான்டா. அந்த மாத்தத்துக்கு யாரும் காசு கேட்க மாட்டாங்க

மாமா: நான் மரத்தோட சேதி ஒண்ணு சொல்றேன். 2018ல இங்கிலாந்துல லங்காஸ்டர் பல்கலைக்கழகத்து ஆளுங்க ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. கிட்டார் செய்யறவர் ஒருத்தர் 6 கிட்டார் செஞ்சு குடுத்தாரு, எல்லாம் ஒரே அளவு ஒரே வடிவம், பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வேற வேற மரம். 52 கிட்டார் வாசிக்கறவங்களுக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டிவிட்டு மங்கல் வெளிச்சத்துல வாசிக்க வச்சு மார்க் போடச் சொன்னாங்க. அதுல பிரேசில் ரோஸ்வுட்டும் இருந்துச்சு, 1992லேர்ந்து நாடு விட்டு நாடு வியாபாரத்துக்கே தடை இருக்கற மரம் அது, அவ்வளவு அரிது. மார்க்கைக் கூட்டிப் பார்த்தா எல்லா மரமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்

அப்பா: அப்ப மரத்துக்குக் குடுக்கற காசு எல்லாம் வீணா மாப்ள?

மாமா: பின்னாடி பக்கத்து மரத்துக்கு அப்படித்தான் தோணுது மச்சான். முன்பலகை வேற கதை. இன்னைக்கு இருக்கற கிளாசிக்கல் கிட்டார் வடிவத்துக்கு அடிப்படை போட்டவர் ஸ்பெயின்ல அந்தோனியோ தே தோரெஸ், அவர் 1862ல ஒரு கிட்டார் செஞ்சாரு, முன்னாடி நல்ல ஸ்ப்ரூஸ் பலகை, பின்னாடியும் பக்கமும் வெறும் காகித அட்டை! சத்தத்தை உண்டாக்கறது முன்பலகைதான்னு காட்டறதுக்காகவே செஞ்சது. இப்பவும் பார்சலோனா இசை அருங்காட்சியகத்துல இருக்கு. மரவேலை தெரிஞ்சவன் எனக்கு அதை நினைச்சாலே சிலிர்க்கும், ஒரு மனுஷன் தான் நம்பினத அட்டைய ஒட்டி நிரூபிச்சிருக்கான்

கதிர்: அப்ப என் கிட்டார்ல முன்பலகையே பிளைவுட்தானே மாமா

செந்தில் அண்ணா: சரியான இடத்துல பிடிச்ச. ஆமாம், உன்னோடது லேமினேட் டாப். மெல்லிசா மூணு தகடு ஒட்டினது, அதான் அத்தை சொன்ன மாதிரி அடித் தந்தி சீக்கிரம் அமுங்குது. சாலிட் டாப் ஒரே மரம், மெதுவா தட்டினா மெதுவா பேசும் ஓங்கித் தட்டினா விரிஞ்சு பேசும், கையில இருக்கற ஏத்த இறக்கம் எல்லாத்தையும் வாங்கிக்கும். ஆனா அந்த ஏத்த இறக்கம் கையில முதல்ல இருக்கணும்ல. நான் இந்தக் கிட்டாரை வாங்கினது வாசிக்க ஆரம்பிச்சு 12 வருஷம் கழிச்சு, அதுக்கு முன்னாடி இருந்த கிட்டார்ல நான் மெதுவா வாசிக்கற இடமும் சத்தமா வாசிக்கற இடமும் ஒரே மாதிரி கேட்க ஆரம்பிச்சுது, அன்னைக்குத்தான் புரிஞ்சுது இதுக்கு மேல இது வராதுன்னு. உனக்கும் அந்த நாள் வரும், வந்தா சித்தப்பாகிட்ட நானே பேசறேன்

அப்பா: அப்படி வந்தா பேசவே வேண்டாம், நானே வாங்கறேன்

செந்தில் அண்ணா: இன்னொண்ணு, இதுல கதிர் பக்கம்தான் நியாயம். அவன் கிட்டார்ல பத்து நிமிஷம் வாசிச்சேன், 15 வருஷம் வாசிச்ச கை எனக்கே விரல் நுனி எரிஞ்சுது. 12வது ஃப்ரெட்ல தடிச்ச தந்திக்கும் ஃப்ரெட் கம்பிக்கும் இடைவெளி ஸ்கேல் வச்சுப் பார்த்தா 3.5 மி.மீ. இருக்கு. 2.5 கிட்ட இருந்தாலே போதும். இதுல எட்டு மாசம் விடாம வாசிச்சிருக்கான் இந்தப் பையன். யாரும் இவனை சோம்பேறின்னு சொல்லக் கூடாது, நிறைய பேர் இந்த மாதிரி கிட்டார்னாலதான் மூணு மாசத்துல மூலையில சாத்தி வச்சுடறாங்க, தனக்கு வரலைன்னு நினைச்சுக்கறாங்க

அத்தை: அடப் பாவமே. விரலைக் காட்டினான் போன தடவ, நான் பழகப் பழகச் சரியாகும்னு சொல்லிட்டேன்

கதிர்: ஒரே விரலால எல்லாத் தந்தியையும் அழுத்துற எஃப் பார் கார்டு சத்தியமா வரவே இல்ல அத்தை. கை சரியில்லன்னு நினைச்சேன்

அப்பா: இதை எப்படிச் சரி பண்றது செந்திலு. புதுசு வாங்கணுமா

செந்தில் அண்ணா: வேண்டாம் சித்தப்பா. முதல்ல நெக், அதான் கழுத்து, பார்க்கணும், முதல் ஃப்ரெட்டையும் உடம்போட சேர்ற இடத்துல இருக்கற ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடிச்சா நடுவுல 7வது ஃப்ரெட் கிட்ட ஒரு விசிட்டிங் கார்டு நுழையற அளவு இடைவெளி இருந்தா போதும். பார்த்துட்டேன், நெக் நல்லா இருக்கு, அதோட வளைவைச் சரி பண்ற டிரஸ் ராடைத் தொட வேண்டாம். சேடில்தான் உயரம், பிரிட்ஜ் மேல வெள்ளையா தந்தி உட்கார்றது இருக்குல்ல அது. 12வது ஃப்ரெட்ல 1 மி.மீ. இறங்கணும்னா சேடில் அடியில 2 மி.மீ. தேய்க்கணும், ஏன்னா 12வது ஃப்ரெட் தந்தியோட சரி பாதி

மாமா: அத நான் பண்றேன். சமமான பலகை மேல உப்புத்தாள் ஒட்டித் தேய்ச்சா அடி கோணாம வரும். கொஞ்சம் கொஞ்சமா எடுத்து மாட்டி மாட்டிப் பார்க்கணும், தேய்ச்சுட்டா திரும்ப வராது

செந்தில் அண்ணா: ஆமா மாமா, 2ஐ ஒரே மூச்சுல எடுக்காதீங்க. ஒண்ணு எடுத்து மாட்டி அளந்துட்டு அப்புறம் மிச்சம்

ஞாயிறு

மாமா: முடிஞ்சுது. 2.6ல நிறுத்திட்டேன். எந்தத் தந்தியும் எங்கயும் அடிபடலை, ஒவ்வொரு ஃப்ரெட்டா அழுத்திப் பார்த்துட்டோம்

கதிர்: அண்ணா எஃப் வருது

கதிர்: அண்ணா எஃப் வருது!!

நித்யா அக்கா: காலையிலேர்ந்து எஃப் மட்டும்தான் வாசிச்சிட்டு இருக்கான். நிறுத்தச் சொல்லவும் மனசு வரலை, முகத்தைப் பார்த்தா அப்படி இருக்கு

பெரியம்மா: வாசிக்கட்டும்மா

செந்தில் அண்ணா: நல்லா வாசிடா. இனி தினம் ரெண்டு விஷயம் மட்டும் செய். ஒரு நிமிஷம் டைமர் வச்சு ஜி கார்டுலேர்ந்து சி கார்டுக்கு எத்தனை தடவ சுத்தமா மாறுறன்னு எண்ணு, நம்பரை இங்க போடு. அப்புறம் மெட்ரோனோமை 60ல வச்சு ஒரு பாட்டு, தப்பு வராம மூணு தடவ போனாதான் 65. அப்புறம் போன்ல ரெக்கார்டு பண்ணிக் கேளு, வாசிக்கறப்ப நம்ம காது நம்ம பக்கம்தான் பேசும்

கதிர்: இப்ப எண்ணினேன். 22

மூணு வாரம் கழிச்சு, வியாழன்

கதிர்: 41

அப்பா: நேத்து ராத்திரி கதவுக்கு வெளியில நின்னு கேட்டேன். வீடியோதான் ஓடுதுன்னு நினைச்சேன். உள்ள எட்டிப் பார்த்தா இவன்

அத்தை: அண்ணா எனக்கு அனுப்பச் சொல்லுங்க, நான் கேட்கணும்

கதிர்: [வாய்ஸ் கிளிப்]

அத்தை: ஒரு தந்தி கூட விடலைடா கண்ணா. ரெண்டு தடவ போட்டுக் கேட்டேன்

செந்தில் அண்ணா: நான் மூணு தடவ கேட்டேன். ரொம்ப நல்லா வந்திருக்கு. ரெண்டாவது வரியில எஃப்க்கு மாறுறப்ப மட்டும் கை அவசரப்படுது, அங்க 70க்கு இறக்கி நாலு நாள் வாசிச்சுட்டு ஞாயித்துக்கிழமை மறுபடி அனுப்பு

கதிர்: சரி அண்ணா. 70