வேலூர் வெயிலில் 94 சுப்ரா: இரண்டாவது டர்போ தயங்குகிறது, சிங்கிள் டர்போவுக்குப் போகலாமா?

காட்பாடி_ஆறுகியர் எழுதியது:

வணக்கம். வண்டி 1994 டொயோட்டா சுப்ரா, ஜப்பான் மாடல், 2ஜேஇசட் ஜிடிஇ இன்ஜின், ஆறு கியர் கெட்ராக் பெட்டி. 90களின் கடைசியில் ஜப்பானிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் டி.ஆர். சலுகையில் (ஊர் திரும்புவோருக்கான இறக்குமதிச் சலுகை) கொண்டுவந்தது. அவரிடம் எங்கள் சித்தப்பா வாங்கினார், இப்போது என் பெயரில் டிஎன்-23 ஆர்.சி.யோடு இருக்கிறது.

செய்திருக்கும் வேலை: டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய்), 3 இஞ்ச் எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர், எலக்ட்ரானிக் பூஸ்ட் கன்ட்ரோலர், கம்பெனி ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) மேல் அதன் சிக்னலை மாற்றும் ஒரு பிக்கிபேக் பெட்டி. பூஸ்ட் (டர்போ காற்றை அழுத்தும் அளவு) 1.2 பார். ரெண்டு டர்போ, இன்ஜெக்டர், இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) எல்லாம் ஒரிஜினல். ஜனவரியில் பெங்களூரில் ஒரு கடையில் டைனோவில் (வண்டியை நிறுத்தி ஓட்டி சக்தியை அளக்கும் மேடை) ஏற்றி ட்யூன் செய்தார்கள். மாசி வரை வண்டி பறந்தது. பங்குனி பிறந்ததும் ஆரம்பித்தது பிரச்சினை. பள்ளிகொண்டா டோல் தாண்டி மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால் 4000 ஆர்.பி.எம். பக்கம் பூஸ்ட் விழுகிறது, ஒரு நொடி யோசித்துவிட்டு வருகிறது, 5000க்கு மேல் கடகடவென்று ஒரு சத்தம், அதோடு இழுவை போய்விடுகிறது. காலை 6 மணிக்கு ஓட்டினால் கொஞ்சம் தேவலாம். மத்தியானம் சுத்தமாக முடியவில்லை.

ட்யூன் செய்தவரிடம் போனில் கேட்டால், டர்போ பழசு, கழற்றிப் போட்டுவிட்டு சிங்கிள் டர்போ வைத்துவிடலாம், 500 குதிரைத்திறன் வரும் என்று ஒரு தொகை சொல்கிறார். அந்தக் காசில் குடியாத்தம் பக்கம் ஒரு மனையே முடித்துவிடலாம். எனக்கு ஊருக்குள் ஓட்டம், எப்போதாவது ஏலகிரி, வருஷத்துக்கு ரெண்டு முறை இருங்காட்டுக்கோட்டை டிராக். இதற்கு சிங்கிள் தேவையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆம்பூர்_ஆக்டேன் எழுதியது:

சிங்கிள் பற்றி அப்புறம் பேசலாம் பாய். முதலில் ஒன்று சொல்லுங்கள், பெங்களூரில் என்ன பெட்ரோல் ஊற்றி ட்யூன் செய்தார்கள், இங்கே என்ன ஊற்றுகிறீர்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால் பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல், வேலூர் 200 சொச்சம். பூஸ்ட் மீட்டர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு அழுத்தம் என்பதைத்தான். அங்கே வெளிக்காற்றே சுமார் 0.91 பார், 1.2 பூஸ்ட் சேர்த்தால் மொத்தம் 2.1. இங்கே வெளிக்காற்று 0.98, அதே 1.2 சேர்த்தால் கிட்டத்தட்ட 2.2. மீட்டரில் முள் அதே இடத்தில் நிற்கும், ஆனால் டைனோவில் இன்ஜின் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு கட்டத்தில் இங்கே ஓடுகிறது. ஜப்பான் மாடல் சுப்ரா காற்றை எம்ஏபி சென்சார் வைத்து, அதாவது மொத்த அழுத்தத்தை வைத்துத்தான் அளக்கிறது. அதனால் அந்தக் கட்டத்தில் எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) என்று யாரும் உட்கார்ந்து பார்த்திருக்க வாய்ப்பில்லை.

அடுத்தது சூடு. ஜனவரியில் பெங்களூரில் 24 டிகிரி என்று வைத்துக்கொள்வோம், சித்திரை மத்தியானம் நம்ம ஊரில் 42. டர்போவின் கம்ப்ரசர் 70 சதவீத திறனில் ஓடினாலும், 42 டிகிரி காற்றை 1.2 பாருக்கு அழுத்தினால் வெளியே வரும்போது 150 டிகிரியைத் தாண்டும். உங்கள் ஒரிஜினல் இன்டர்கூலர் முன் பம்பரின் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும் சின்னப் பெட்டி, அதற்குப் போகும் காற்றும் கம்மி. டிராஃபிக்கில் நின்று கிளம்பினால் அதுவே சூடேறி அடுப்பு மாதிரி இருக்கும். உங்களுக்குக் கேட்கும் கடகட சத்தம் நாக்கிங்தான் (சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) என்று நினைக்கிறேன். ஈசியூ அதைக் கேட்டு டைமிங்கைப் பின்னால் இழுக்கிறது, இழுவை போகிறது. மத்தியானம் மோசம், காலையில் தேவலாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

தயவுசெய்து இந்த நிலையில் முழு பூஸ்ட் மிதிக்காதீர்கள்.

ராணிப்பேட்டை_பட்டறை எழுதியது:

தம்பி, 5000 சத்தம் ஒரு கேஸ், 4000ல் தயங்குவது வேறு கேஸ். ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால்தான் கடைக்காரர் சிங்கிள் விற்பார்.

இந்த இன்ஜினில் கீழே ஒரு டர்போ மட்டும் வேலை செய்யும், 4000 வாக்கில்தான் ரெண்டாவது சேரும். அதைச் சேர்த்துவிட வால்வு, அதை நகர்த்தும் ஆக்சுவேட்டர், சோலனாய்டு (மின்சார வால்வு), அதற்கெல்லாம் அழுத்தத்தைச் சேமித்துக் கொடுக்க ஒரு சின்ன டேங்க், இவற்றை இணைக்க இன்டேக் அடியில் கை போகாத இடத்தில் கொத்துக் கொத்தாக வாக்குவம் ஹோஸ். முப்பது வருஷ ரப்பர், அதுவும் எக்ஸாஸ்ட் பக்கம் நம்ம ஊர்ச் சூட்டில். கையால் வளைத்துப் பாருங்கள், முறுக்கு உடைகிற மாதிரி உடையும். ஒன்று வெடித்திருந்தாலும் ரெண்டாவது டர்போ நேரத்துக்கு வராது. டர்போ மேல் பழி போடுமுன் எல்லா ஹோஸையும் சிலிக்கான் போட்டு மாற்றுங்கள். ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடுங்கள், மொத்தமாகக் கழற்றினால் எது எங்கே போனது என்று தெரியாமல் ஒரு வாரம் உட்கார வேண்டியதுதான். ஆக்சுவேட்டரைக் கைப்பம்ப் வைத்து அழுத்தம் கொடுத்துப் பாருங்கள், கம்பி நகர்ந்து அங்கேயே நிற்க வேண்டும், இறங்கினால் டயாஃப்ரம் கிழிந்தது.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. வால்வுகளைத் திறந்த நிலையில் கம்பி கட்டி, ரெண்டு டர்போவையும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து ஓடவிடுங்கள், பூஸ்டைக் குறைத்து வைத்துக்கொண்டு. தயக்கம் காணாமல் போனால் டர்போ நல்லது, கன்ட்ரோல் பக்கம்தான் கோளாறு. சிலர் அப்படியே நிரந்தரமாக விட்டுவிடுகிறார்கள். வேண்டாம். கீழ் ஆர்.பி.எம். இழுவை செத்துவிடும், கிரீன் சர்க்கிளில் ஆட்டோகூட உங்களைத் தாண்டிப் போகும்.

கையோடு கையாக கிராங்க் புல்லியைப் பாருங்கள். நடுவில் இருக்கும் ரப்பர் விட்டுப்போய் வெளிவளையம் பிரிவது இந்த இன்ஜினில் அடிக்கடி வரும் நோய். பிரிந்தால் டைமிங் பெல்ட்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் வரும் அழுத்தம்) அளந்து எடுங்கள், ஆறு சிலிண்டருக்கும் வித்தியாசம் 1 பாருக்குள் இருக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நீலப்புகை ஒரு முறை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் காய்ந்தது, அவசரமில்லை. பூஸ்டில் போகும்போதும் வந்துகொண்டே இருந்தால்தான் டர்போ சீலைச் சந்தேகப்பட வேண்டும்.

ரேடியேட்டரில் என்ன ஊற்றுகிறீர்கள்? போர் தண்ணீர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

காட்பாடி_ஆறுகியர் எழுதியது:

அண்ணே, கூலன்ட்தான், போர் தண்ணீர் இல்லை :)

ஆக்டேன் பாய், பெங்களூரில் எக்ஸ்பி100 (நாக்கிங்கை அதிகம் தாங்கும் 100 ஆக்டேன் பெட்ரோல்) ஊற்றித்தான் செய்தார்கள். இங்கே அது கிடைக்காது, சாதா பங்க் பெட்ரோல்தான். ட்யூனில் வைத்த வைட்பேண்ட் மீட்டர் (காற்று-பெட்ரோல் விகிதம் காட்டுவது) இன்னும் இருக்கிறது. முழு பூஸ்டில் 12.6 காட்டுகிறது. ஒரே ஸ்பீடில் போகும்போது 14.7 பக்கத்தில் அழகாக நிற்கிறது, அதனால் பெட்ரோல் பக்கம் பிரச்சினை இருக்காது என்று நினைத்தேன்.

ஆம்பூர்_ஆக்டேன் எழுதியது:

அங்கேதான் விஷயமே இருக்கிறது.

எக்ஸ்பி100ல் எத்தனால் கலப்பு இல்லை. இப்போது பங்க்கில் வருவது இ20, ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றை எரிக்க அதிக பெட்ரோல் வேண்டும். சுத்த பெட்ரோலுக்குக் காற்று-பெட்ரோல் விகிதம் 14.7, இ20க்கு சுமார் 13.5. அதாவது எடைக் கணக்கில் சுமார் 9 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். ஒரே ஸ்பீடில் போகும்போது ஆக்சிஜன் சென்சார் பார்த்து ஈசியூ தானாகச் சரிசெய்துகொள்ளும், மீட்டர் அழகாக நிற்பது அதனால்தான். முழுசாக மிதித்தால் ஈசியூ சென்சாரைக் கேட்காது, எழுதி வைத்த கணக்குப்படி ஊற்றும், அந்தக் கணக்கு எக்ஸ்பி100க்குப் போட்டது. மீட்டரில் வரும் 14.7, 12.6 எல்லாம் பெட்ரோல் அளவுகோலில் பெயர்த்துக் காட்டும் எண்கள். மீட்டரை லாம்டாவுக்கு (1 என்றால் சரியான விகிதம், குறைந்தால் பெட்ரோல் அதிகம்) மாற்றிவிடுங்கள், எந்த பெட்ரோல் ஊற்றினாலும் குழப்பமிருக்காது. உங்கள் 12.6 என்பது லாம்டா 0.86. இந்த வெயிலில், 1.2 பாரில், நான் 0.78 முதல் 0.80க்குள் வைப்பேன்.

இன்னொன்று, இதை நிறைய பேர் கவனிப்பதில்லை. உங்கள் பிக்கிபேக் இன்ஜெக்டரை நேராகத் தொடவில்லை என்றால், எம்ஏபி சென்சார் சிக்னலைக் குறைத்துக் காட்டித்தான் பெட்ரோலைக் குறைக்கும். கம்பெனி ஈசியூ பூஸ்டில் பெட்ரோலைத் தாராளமாக ஊற்றும், டைனோவில் நம்பர் ஏற்ற அதைக் குறைப்பது வழக்கம். ஆனால் சிக்னல் குறைந்ததும் ஈசியூ, ஓ லோடு கம்மி போலிருக்கிறது என்று நம்பி டைமிங்கையும் முன்னே தள்ளிவிடும். பெட்ரோல் குறைகிறது, டைமிங் ஏறுகிறது, ரெண்டும் ஒரே நேரத்தில். குளிரில் 100 ஆக்டேனில் அது குதிரைத்திறன். இங்கே அது பிஸ்டனுக்கு ஆபத்து.

அதற்காக இ20 முழுக்க வில்லன் இல்லை. முன்பு சாதா பெட்ரோல் 91 ஆக்டேன், எத்தனால் சேர்ந்ததில் அது ஏறியிருக்கிறது, ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சியும் தரும். அதற்கென்று ட்யூன் செய்தால் நல்ல பெட்ரோல்தான். ஆனால் ஜப்பான் மாடலில் இன்ஜெக்டர் 440 சிசி, வெளிநாட்டு மாடலின் 550 அல்ல. 400 குதிரைத்திறன் பக்கம் போகும்போதே மூச்சு வாங்கும், இ20 அதில் இன்னும் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். 1994 ரப்பர் ஃப்யூல் ஹோஸையும் எத்தனால் தாங்கும் இன்ஜெக்ஷன் ரக ஹோஸாக மாற்றுங்கள். பைக் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் டியூப் வேண்டவே வேண்டாம், உள்ளே அழுத்தம் அதிகம், பக்கத்திலேயே சூடான எக்ஸாஸ்ட்.

பாலாறு_பைபாஸ் எழுதியது:

நீங்கள் எல்லாம் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். 2ஜேஇசட் வார்ப்பிரும்பு பிளாக், உள்ளே கைவைக்காமலே 600, 700 குதிரைத்திறன் தாங்கும் என்று உலகத்துக்கே தெரியும். சிங்கிள் போடு தல, இந்த வாக்குவம் ஹோஸ் தலைவலி மொத்தமாகத் தீர்ந்தது. அப்புறம் அவருடைய டர்போவில் டர்பைன் வீல் செராமிக், 1.2க்கு மேல் போனால் உடைந்து சிதறும். எப்படியும் மாற்றத்தானே போகிறார்?

ராணிப்பேட்டை_பட்டறை எழுதியது:

பிளாக் தாங்கும், யார் இல்லை என்றது? நாக்கிங்கில் முதலில் போவது பிஸ்டனும் ஹெட் கேஸ்கெட்டும். பிளாக் அப்படியே இருக்கும், அடுத்த இன்ஜினுக்கு உதவும்.

செராமிக் வீல் சொன்னது சரி, அதனால்தான் இந்த டர்போவோடு 1.2 என்பதே எல்லை, தினம் உட்காரும் இடமல்ல. கம்பெனி வைத்தது 0.7, 0.8தான். அதோடு டவுன்பைப்பில் கேட்டலிட்டிக் இல்லாமல் எக்ஸாஸ்டைத் திறந்துவிட்டால் கன்ட்ரோலர் சொல்லாமலே பூஸ்ட் மேலே ஊர்ந்து ஏறும். கன்ட்ரோலரை அணைத்துவிட்டு ஒரு முறை பாருங்கள், அப்போதும் 1.1, 1.2 போனால் டவுன்பைப் இணைப்பில் வழியைச் சுருக்கும் ஒரு ரெஸ்ட்ரிக்டர் வளையம் போட வேண்டும். லேத் பட்டறையில் திருப்பித் தருவார்கள்.

சிங்கிள் என்றால் டர்போ மட்டும் இல்லை. மேனிஃபோல்டு, வேஸ்ட்கேட், பெரிய இன்ஜெக்டர், பம்ப், முழு ஈசியூ, முன்பக்க இன்டர்கூலர், கிளட்ச். இதில் பாதி வேலை அவருக்கு எப்படியும் வேண்டும், அதை முதலில் செய்யட்டும்.

சத்துவாச்சாரி_ஃபைல் எழுதியது:

நடுவில் ஒரு வார்த்தை. வண்டி 15 வருஷம் தாண்டியது, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்த வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவின்படி கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, 2019ல் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் உறுதி செய்தது. கழற்றிய ஒரிஜினல் டவுன்பைப், சைலன்சர் எதையும் புதுப்பேட்டைக்கு விற்றுவிடாதீர்கள். இன்சூரன்ஸிலும் மாற்றங்களைச் சொல்லாமல் விட்டால் கிளெய்ம் நேரத்தில் அதுவே வினையாகும்.

காட்பாடி_ஆறுகியர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரிஜினல் பார்ட்ஸ் எல்லாம் மாடியில் இருக்கிறது. இப்போதைக்கு பூஸ்டைக் குறைத்து, பிக்கிபேக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, வாக்குவம் ஹோஸ், ஃப்யூல் ஹோஸ், ஃபில்டர், கிராங்க் புல்லி பார்த்துவிடுகிறேன். அப்புறம் முன்பக்க இன்டர்கூலர். அதற்கு மேல் முழு ஈசியூ போட்டு இங்கேயே ட்யூன் செய்ய யாரையாவது வரவழைக்க முடியுமா, இல்லை டைனோவுக்குப் போயே ஆக வேண்டுமா?

ஆம்பூர்_ஆக்டேன் எழுதியது:

டைனோவுக்குப் போவதென்றால் சென்னை போங்கள், மேடு பிரச்சினை இல்லை, சூடும் நம்ம சூடுதான். மே மாதத்தில் போங்கள், டேங்கில் நீங்கள் வழக்கமாக ஊற்றும் பங்க்கின் பெட்ரோலோடு. இன்ஜின் சூடானதும் போனட்டை மூடி வைத்து ரெண்டு மூன்று முறை தொடர்ந்து இழுக்கச் சொல்லுங்கள். முதல் இழுப்பில் வரும் நம்பரைப் பார்க்காதீர்கள், கடைசி இழுப்பில் இன்டேக் சூடு எவ்வளவு, நாக்கிங் எங்கே என்று லாக் கேளுங்கள். 1.0 பார், லாம்டா 0.79, நாக்கிங் இல்லாமல் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முழு பூஸ்டை சோதிக்க பள்ளிகொண்டா பைபாஸ் வேண்டாம், அதற்கு இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. பிளக் ஒரு படி குளிர்ந்த (cold) ரகம் போடுங்கள், கேப் 0.8 மில்லிமீட்டர்.

ராணிப்பேட்டை_பட்டறை எழுதியது:

ஹோஸ் வாங்கும்போது 3, 4, 6 மில்லிமீட்டர் மூன்றும் வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி, ஒரே சைஸ் எல்லா இடத்துக்கும் உட்காராது. பழசைக் கழற்றுமுன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சுவேட்டர் இறங்கினால் இங்கே போடுங்கள், பார்ப்போம்.